மெல்ல மிதிக்கும் நாள்



நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் சிலர் கோடை விடுமுறையில் சைக்கிள் பயிற்சி தொடங்கியுள்ளனர். முதல் நாள் திருப்பதியிலிருந்து சித்தூர். மறுநாள் சித்தூரிலிருந்து திருப்பதி. மூன்றாம் நாள் சந்திரகிரி வரை மெதுவாகப் போய்வருதல். இதுவே அவர்களுக்கு வகுத்துக் கொடுத்த முறை. அவர்களுள் ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "அண்ணா, மெதுவாக ஓட்டுவதற்குப் பதில் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாமே? இல்லையென்றால் அன்றும் வேகமாகவே ஓட்டலாமே? இரண்டுங்கெட்டானாக இது எதற்கு?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடையாக, நான் பட்ட அவமானம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், நானும் இதே முறைப்படி சென்றேன். சித்தூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். திருப்பதியைவிட அது உயர்ந்த இடமாதலால், போகும்போது ஏற்றம் காலை வாங்கிற்று. திரும்பும்போது இறக்கம் உதவினாலும் வெயில் உடலை வாட்டிற்று. மூன்றாம் நாள் சந்திரகிரிச் சாலையில் மெல்லப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளி மாணவன் ஒருவன் மணியை அடித்துக்கொண்டு என்னைக் கடந்து சென்றான். அவ்வளவுதான்! முப்பது வயதைத் தாண்டியவன் என்பதை மறந்து அவனைத் துரத்தினேன். அவனை முந்தியும் விட்டேன். சிறிது தூரத்தில் தொடை நரம்பு இழுத்துக்கொண்டது, கண் இருண்டது. புளியமரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்த தெலுங்கு மூதாட்டி ஒருவர், "ஏமி பாபு?" என்று பதறி எழுந்து, உப்பிட்ட மோர் கொடுத்து நிழலில் கிடத்தினார்.

அன்றிரவு எனக்கு வேலை முறை. போக முடியவில்லை. என் முறையையும் சேர்த்துப் பார்த்தவர் உடன் பணிபுரியும் நண்பர். அன்று அவருடைய மகளுக்குப் பிறந்த நாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். என் வீண் பெருமைக்கு விலை கொடுத்தது அந்தக் குழந்தை.

இனி, மெதுவாக ஓட்டுவதன் காரணத்தைப் பார்ப்போம். கடுமையாக மிதிக்கும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அது சீராகும்போதுதான் தசை வலிமை பெறுகிறது. எனவே பலம் சேர்வது ஓட்டும் நேரத்தில் அன்று; ஓய்வு நேரத்தில். மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம் தேங்கியதே காரணம் என்று பலர் இன்னும் நம்புகின்றனர். அது சரியன்று. அந்தப் பொருள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஒரு நாளுக்குப் பின்னும் நீடிக்கும் வலி, தசைச் சேதத்தையும் அது ஆறும் முறையையும் சேர்ந்தது. தசையில் சேமித்த மாவுச்சத்து மீண்டும் நிரம்பவும் ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும்.

மெல்ல மிதித்தால் கால்களில் இரத்த ஓட்டம் பெருகும், இறுக்கம் தளரும், சோர்வு சேராது. இதை மந்திரம் என்று சொல்லமாட்டேன். முழு ஓய்வும் நல்லதே. ஆனால் வேகம் என்னும் மூன்றாம் வழி மட்டும் அன்று கூடாது. பிரான்சு நாட்டைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்தில் 21 கட்டங்களுக்கு நடுவே இரண்டு ஓய்வு நாட்கள் உண்டு. அந்நாட்களிலும் வீரர்கள் பெரும்பாலும் ஓரிரு மணி நேரம் இலகுவாக மிதித்து வருகின்றனர். அமெரிக்காவில் அரிசோனாப் பாலைநிலத்து டூசான் நகருக்குக் குளிர்காலத்தில் பயிற்சிக்குச் செல்வோரும், லெமன் மலை ஏறிய மறுநாள் சமதரையைத் தேடுவதே அறிவுடைமை.

நமக்குப் பாலை தொலைவில் இல்லை. மழை பொய்த்து வெயில் முற்றினால் முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. சித்திரையில் இந்த இராயலசீமைச் சாலைகளைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சில குறிப்புகள்:

விடியுமுன் புறப்படுங்கள், வெயில் ஏறுமுன் வீடு சேருங்கள். இலகுவான கியரில், பெடல் தானாகச் சுழல்வதுபோல் மிதியுங்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி. படுக்கையிலிருந்து எழுமுன் நாடித் துடிப்பை எண்ணுங்கள்; வழக்கத்தைவிட நிமிடத்திற்கு பத்துத் துடிப்பு மிகுந்திருந்தால் அன்று சைக்கிளைத் தொடவேண்டாம். வெயிலில் கடுமையாக ஓட்டுவோர்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். அதை உப்பிட்ட மோரோ நீராகாரமோ கொண்டு ஈடுசெய்யலாம். இருதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

இதற்குச் சந்திரகிரி பொருத்தமான இடம். திருப்பதியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். விஜயநகர அரசின் கடைசிக் காலத் தலைநகர்களுள் ஒன்று அது. 1639 இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்ற வரலாற்றோடும் அவ்வூர் பெயர் சேர்ந்தே வரும். வேகமாகச் செல்பவனுக்கு அங்குள்ள ராஜமகால் வெறும் கற்கட்டிடம்.

சென்ற ஞாயிறன்று கேள்வி கேட்ட பிள்ளையோடு நானும் சென்றேன். வழியில் பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைக் கடந்தார். பிள்ளையின் தோள் விறைத்தது; கை, பிடியை இறுக்கிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவனே மூச்சை விட்டு, "போகட்டும் அண்ணா, அவருக்குப் பால் கெட்டுவிடும், நமக்கு என்ன அவசரம்?" என்றான்.

அன்று அவனுக்கு நான் கற்பிக்க வேண்டியது வேறொன்றும் இருக்கவில்லை. திரும்பும் வழியில் அதே புளியமரத்தடியில் நின்றோம். மூதாட்டி இன்னும் மோர் விற்கிறார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். இம்முறை காசு கொடுத்தே குடித்தேன்.