ஸ்பானியம் கற்க ஆங்கிலம் எதற்கு?

தமிழ்ச் சிற்றிதழ் வாசகர் ஒருவரிடம் அவர் மதிக்கும் அயல்நாட்டு எழுத்தாளர்கள் பத்துப் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுள் நால்வரேனும் ஸ்பானிய மொழியில் எழுதியவர்களாக இருப்பர். போர்ஹே, மார்க்வெஸ், நெரூதா, ஆக்டேவியோ பாஸ், கொர்த்தஸார், ருல்ஃபோ என்று பெயர்கள் தங்குதடையின்றி வரும். அடுத்து, இவர்கள் எழுதிய மொழியில் ஒரு வாக்கியமேனும் தெரியுமா என்று கேளுங்கள். உரையாடல் அங்கே நின்றுபோகும்.

1982இல் மார்க்வெஸுக்கு நோபல் பரிசு கிடைத்த காலந்தொட்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இலத்தீன் அமெரிக்க இலக்கியத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடி வருகிறோம். ‘மீட்சி’ அவர்களை அறிமுகம் செய்தது. ‘கல்குதிரை’ மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே கொண்டுவந்தது. மாய யதார்த்தம் என்னும் சொற்சேர்க்கை நம் விமர்சகர்களின் அன்றாடப் புழக்கத்துக்கு வந்து, தேய்ந்து, சலித்தும் போயிற்று. இத்தனைக்குப் பிறகும் அம்மொழியைக் கற்கவோ கற்பிக்கவோ தமிழ்ச்சூழல் ஏற்பாடு எதையும் செய்துகொள்ளவில்லை. இது தற்செயலாக நேர்ந்த குறை என்று நாம் கருதவில்லை. ஆங்கிலம் என்னும் ஒற்றை வாசலின் வழியாகவே உலகைப் பார்ப்பது என்று நம் பல்கலைக்கழகங்களும் இலக்கியவாதிகளும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு இது.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். போர்ஹே என்று எழுதுகிறோம். அப்பெயரின் ஈற்றில் ஒரு ஸகரம் உண்டு. ஸ்பானியர் அதை ஒலிக்கின்றனர். அது பிரெஞ்சுப் பெயர் போலும் என்று எண்ணி யாரோ விழுங்கியதை நாம் இன்றுவரை துப்பவில்லை. மார்க்வெஸ் என்கிறோம், அம்மொழியின் எழுத்து முறைப்படி அது மார்க்கெஸ். அவர்களின் ‘தோன் கிஹோத்தே’ நமக்கு ‘டான் குவிக்ஸாட்’ ஆனார். வழக்கில் ஊன்றிய வடிவங்களை மாற்றச் சொல்வது நம் நோக்கமன்று. நாமும் மேலே அவ்வாறே எழுதியிருக்கிறோம். ஆனால் ஓர் ஆசிரியரின் பெயரையே பிறர் காதால் கேட்டு எழுதுகிறவர்கள், அவருடைய நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதில் ஒரு விபரீதம் இருக்கிறது.

ஆங்கிலத்தின் வழியே வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போர் உளர். சொல்கிறோம். ஸ்பானியத்தில் ‘தூ’ என்றால் நீ. ‘உஸ்தேத்’ என்றால் நீங்கள். அர்ஜெந்தினா போன்ற நாடுகளில் ‘தூ’வின் இடத்தை ‘வோஸ்’ பிடித்திருக்கிறது. கணவன் மனைவியை எப்படி விளிக்கிறான், வேலையாள் எசமானனிடம் எந்தக் கணத்தில் மரியாதையைக் கைவிடுகிறான் என்பதெல்லாம் மூலத்தில் வெளிப்படையாகவே இருக்கும். ஆங்கிலம் இவை அனைத்தையும் ‘யூ’ என்னும் ஒரே சொல்லில் கரைத்துவிடுகிறது. தமிழோ நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை வற்புறுத்தும் மொழி. ஆகவே ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் ஒவ்வொரு உரையாடலிலும் ஊகிக்கிறார். மூலத்தில் இருந்ததும், தமிழுக்கு வேண்டியதும், இடையிலுள்ள மொழியால் தொலைக்கப்பட்டதுமான ஒன்றைக் குத்துமதிப்பாக மீட்கிறார். எவ்வளவு தேர்ந்த மொழிபெயர்ப்பாளராயினும் இதிலிருந்து தப்ப இயலாது.

இன்னொன்று. மெக்சிகோவின் தூதராக 1962 முதல் 1968 வரை இந்தியாவில் இருந்த ஆக்டேவியோ பாஸ், மதுரையையும் உதகமண்டலத்தையும் தலைப்புகளாக்கிக் கவிதைகள் எழுதினார். மதுரையைப் பற்றிய கவிதை மதுரைக்காரர் கைக்கு வந்து சேர்வதற்கு ஆங்கிலப் பதிப்பகங்களைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. இதைவிடத் தெளிவாக நம் நிலையை எப்படிச் சொல்வது?

மாற்று வழி நமக்குத் தெரியாததுமன்று. காம்யுவின் ‘அந்நியன்’ 1980இலும் ‘குட்டி இளவரசன்’ 1981இலும் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்கு வந்தன. காஞ்சிபுரத்தைப் பெயரின் முதலெழுத்தில் சுமந்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியைக் கற்று காண்டேகரை நேராகத் தமிழுக்குத் தந்தார். ஸ்பானியத்தின் முறை வந்தபோது மட்டும் நாம் கற்க மறந்தோம். 1967இல் வெளிவந்த மார்க்வெஸின் பெருநாவல், 1970இல் ஆங்கிலம் ஏறி, அதன் வழியாக 2013இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று தமிழானது. அம்மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பை நாம் வணங்குகிறோம். அவ்வுழைப்புக்கு மூலமொழியின் துணையைத் தராத நம் கல்வியைத்தான் குற்றம் சாட்டுகிறோம்.

இனி அக்கல்விக்கு வருவோம். தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியத்துக்கென மையம் உண்டு; 2009 முதல் அந்நகரில் செர்வாந்தேஸ் நிறுவனமும் இயங்குகிறது. ஐதராபாத்தின் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியம் கற்பிக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் தொடக்கநிலை ஸ்பானியம் பெரும்பாலும் சான்றிதழ் வகுப்பாகவே காலந்தள்ளுகிறது. அத்தகைய பல்கலைக்கழக வகுப்பொன்றில், நாற்பது வயதைக் கடந்தபின், ஓராண்டுக் காலம் நாமும் அமர்ந்திருந்தோம். ஆசிரியர் நல்லவர்; உழைப்பாளி. குறை அவருடையதன்று. கையிலிருந்த பாடநூல் ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவனுக்காக எழுதப்பட்டது. அம்மாணவனுக்கு எது கடினமோ அதையே அது விரிவாக விளக்கும். அவனுக்கு எது எளிதோ அதைக் கடந்து செல்லும். வகுப்பில் இருந்தவர்களோ தமிழர்கள்.

எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இது புரியாது. ‘எனக்கு இசை பிடிக்கும்’ என்பதை ஸ்பானியர் ‘மே குஸ்தா லா மூஸிகா’ என்பர். ‘மே’ என்பது ‘எனக்கு’. பிடிக்கிற பொருளே எழுவாய். பிடித்தவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். நம் வாக்கியமும் அதுவே. ஆங்கில மாணவன் தலைகீழாக நின்று கற்கவேண்டிய இதைத் தமிழ்க் குழந்தை மூன்று வயதில் சொல்லிவிடுகிறது. நம் வகுப்பிலோ, முதலில் தமிழை மறந்து ஆங்கில வாக்கியத்துக்குப் போய், அங்கிருந்து அதைத் தலைகீழாக்கி, ஸ்பானியத்தை அடையும் பயிற்சி ஒரு வாரம் நடந்தது.

மற்றொன்று இதைவிட வியப்பானது. ‘வேலை தேடுகிறேன்’ என்பதற்கு ‘புஸ்கோ திரபாஹோ’ என்று சொன்னால் போதும். ‘என் தம்பியைத் தேடுகிறேன்’ என்றால் ‘புஸ்கோ ஆ மி எர்மானோ’ என்று இடையில் ஓர் ‘ஆ’ வரவேண்டும். செயப்படுபொருள் மனிதராயின் இந்த ‘ஆ’ தோன்றும். ஆங்கிலப் பாடநூல்கள் இதை ஒரு விந்தையாகக் காட்டி, மனப்பாடம் செய்யச் சொல்லும். தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இதில் விந்தை ஏது? ‘வேலை தேடுகிறேன்’ என்பதில் ‘ஐ’ உருபு தொக்கு நிற்கலாம். ‘தம்பி தேடுகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. உயர்திணை, அஃறிணை என்ற இரண்டு சொற்களில் முடியவேண்டிய பாடம் அது. அச்சொற்களை உச்சரிக்க அந்த வகுப்பறையில் இடமில்லை.

இன்னும் உண்டு. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். வினையின் விகுதியே ‘நான்’ என்பதைச் சொல்லிவிடும், நம் ‘ஏன்’ விகுதி போல. ‘அவர் நெசவாளர்’ என்னும் பெயர்ப் பயனிலைக்கும் ‘அவர் வீட்டில் இருக்கிறார்’ என்னும் வினைக்கும் உள்ள வேறுபாடு, ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைகளின் வேறுபாட்டை நோக்கிக் கைகாட்டும். முற்றும் பொருந்தாது என்றாலும் நுழைவதற்குக் கதவு அது. ‘ஆனால்’ என்பதற்கு ‘பெரோ’, ‘நாய்’ என்பதற்கு ‘பெற்றோ’ என்பது போல் நாவதிரும் ஒலி. ரகர றகரம் பிரித்தறியக் கற்றவருக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. எஸ்பாஞா என்ற நாட்டுப் பெயரிலுள்ள மூக்கொலிக்கு நம்மிடம் ஞகரம் காத்திருக்கிறது. முதல் பாடத்திலேயே வரும் ‘மெஸா’ நம் வீட்டு மேசைதான். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்டுச்சென்றது.

கடினமானவையும் உள. அந்த மேசை ஏன் பெண்பாலாயிற்று என்பதற்கு நம் இலக்கண நூல் எதுவும் விடை சொல்லாது. ஐயத்தையும் விழைவையும் சுட்டும் வினைவடிவங்கள் நம்மையும் வருத்தும். தமிழ் வழியே சென்றால் ஸ்பானியம் விளையாட்டாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. வருந்தவேண்டிய இடத்தில் மட்டும் வருந்தலாம் என்கிறோம்.

இதில் பாதிக்கப்படுவோர் யார்? ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்று வந்தோர் எப்படியும் கரையேறிவிடுவர். நாம் கண்டது வேறொரு மாணவரை. காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பட்டுநூல் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்து சேரும் இவ்வூரில் பல மொழிகளைக் காதில் வாங்கி வளர்வது இயல்பு. தமிழ் முதுகலை பயின்றுகொண்டிருந்த அவர், நெரூதாவை நெரூதாவின் மொழியில் படிக்கும் ஆசையில், செங்கற்பட்டு வழியாக இரயிலேறிச் சென்னை வகுப்புக்கு வந்தார். முதல் வாரத்திலேயே அவருடைய உச்சரிப்பு எல்லாரினும் செம்மையாக இருந்தது. ஆறாவது வாரத்தில் நின்றுவிட்டார். ஸ்பானியம் அவரை நிறுத்தவில்லை. ஸ்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுக என்ற தேர்வும், ஆங்கில இலக்கணக் கலைச்சொற்களுமே நிறுத்தின. பொருளைத் தமிழில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். கேட்பதற்கு அங்கே விதியில்லை. தமிழுக்கு வரவேண்டிய ஒரு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை நாம் அவ்வாறு இழந்தோமா என்பதை யார் கணக்கிடுவது?

தமிழில் பாடநூல் இல்லையே என்பர். இதற்கு வெட்கமின்றி விடை சொல்ல முடியாது. அன்ரீக்கே அன்ரீக்கஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறையில் தமிழைக் கற்று, 1549 வாக்கில், தம் தோழர்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றைத் தம் தாய்மொழியிலேயே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. தொடக்ககாலத் தமிழ் அச்செழுத்துகளைச் செய்தோருள் ஹுவான் கொன்சால்வெஸ் என்ற ஸ்பானியரும் ஒருவர். 1679இல் அம்பலக்காட்டில் புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வெளிவந்தது. தனிநாயக அடிகள் அதைத் தேடியெடுத்து 1966இல் மறுபதிப்புச் செய்தார். அவர்கள் தம் மொழியிலிருந்து நம் மொழிக்கு நேராகப் பாதை வெட்டினார்கள். ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. மறுதிசையில் ஒற்றையடிப் பாதைகூட நாம் போடவில்லை.

தமிழாசிரியர்களாகிய நம்மவர் இன்னொரு தடை சொல்வர்: அயல்மொழி உள்ளே வந்தால் தமிழ் வெளியேறும். பகுதி ஒன்றில் தமிழைத் தவிர்த்து, மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சை எடுத்தோரைப் பார்த்து வளர்ந்த அச்சம் இது. அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் தமிழுக்கு மாற்றாக ஸ்பானியத்தை வைக்கும்படி நாம் கேட்கவில்லை. முதுகலைத் தமிழின் உள்ளேயே, விருப்பப் பாடமாக, தமிழின் வழியாகக் கற்பிக்கக் கேட்கிறோம். வடமொழி மூலத்தைக் கண்முன் வைத்துத் தண்டியலங்காரம் செய்தவர் தமிழைவிட்டு ஓடியவரல்லர். அந்தத் தண்டி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊரில் இருந்துகொண்டு, பிறமொழிக்கு அஞ்சுவது நமக்கு அழகன்று.

வேலை கிடைக்குமா என்பது கடைசிக் கேள்வி. நம் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் கார்கள் மெக்சிகோவுக்கும் சீலேவுக்கும் பெருவுக்கும் கப்பலேறியிருக்கின்றன. இருபது நாடுகளின் மொழி பிழைப்புக்கு உதவாது என்று யாரும் துணிந்து சொல்லமாட்டார்கள். ஆயினும் நம் வாதத்தை அதன்மீது நிறுத்த விரும்பவில்லை. வேலைக்கெனக் கற்பவர் ஆங்கிலவழியிலும் கற்றுக்கொள்வார். இலக்கியத்துக்கெனக் கற்பவருக்கே தமிழ்வழி இன்றியமையாதது. அவர் திரும்பி வரவேண்டியது தமிழுக்கு.

செய்யவேண்டியவை மிகுதியில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனம், ஸ்பானியம் அறிந்த ஒருவரையும் தமிழிலக்கணம் அறிந்த ஒருவரையும் ஈராண்டு ஒன்றாக அமர்த்தினால் தொடக்கநிலைப் பாடநூல் ஒன்று உருவாகிவிடும். அதை ஒட்டி ஒரு சிறு அகராதி. தேர்வில், ஸ்பானியத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்க இசைவு. நான்கு தமிழ்த்துறைகளில் விருப்பப் பாடம். சிற்றிதழ்கள் தம் பங்குக்கு, மொழிபெயர்ப்பின் அடியில் அது எம்மொழி வழியாக வந்தது என்பதை மறைக்காமல் அச்சிடட்டும். பதிப்பகங்கள் ஒரு மாணவரின் கல்விக் கட்டணத்தையேனும் ஏற்கட்டும்.

இவற்றுக்காகக் குரல் கொடுக்க முன்வராதவர்கள், அடுத்த இலத்தீன் அமெரிக்கச் சிறப்பிதழைத் தொடங்குமுன் அதன் தலைப்பை மாற்றிக்கொள்வது நேர்மை. ஆங்கில இலக்கியச் சிறப்பிதழ் என்றே போட்டுவிடலாம்.