மூன்றாண்டா, நான்காண்டா?

இரண்டாம் பி.யூ.சி. தேறிய பிள்ளையை பி.எஸ்ஸி.யில் சேர்க்கப் பெங்களூரில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கும் நம்மவர்களின் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2021-ல் கர்நாடகத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. ஆட்சி மாறிய பின், 2024-ல் அரசு மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் சில நான்காண்டையே நடத்துகின்றன.

இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டப்படி மூன்றாண்டு படித்தவருக்கு எம்.எஸ்ஸி. இரண்டாண்டு, நான்காண்டு படித்தவருக்கு ஓராண்டு. கூட்டினால் இரண்டும் ஐந்துதான்! வங்கிக் குமாஸ்தா தேர்வுக்கு மூன்றாண்டுப் பட்டமே போதும். நான்காண்டில் 75 சதவீதம் எடுத்தவர் எம்.எஸ்ஸி. இல்லாமலே ஆராய்ச்சிக்கு மனுச் செய்யலாம். அந்த நோக்கம் இல்லாத பிள்ளைக்காகத் தகப்பனார் இன்னோர் ஆண்டுக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவது வீண் செலவு என்பதே நம் கருத்து.

கவனிக்க வேண்டியது பாடத்தைத்தான். இங்கே இயற்பியல், வேதியியல், கணிதம் என மூன்றையும் சமமாகப் படிப்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டிலோ முதன்மைப் பாடம் ஒன்றே, மற்றவை துணைப்பாடங்கள். ஊருக்குத் திரும்பி எம்.எஸ்ஸி. சேர எண்ணுவோர், அங்குள்ள கல்லூரி என்ன தகுதி கேட்கிறது என்பதை இப்போதே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. பி.யூ.சி.யில் கணிதம் எடுக்காத பிள்ளைக்கு இந்தப் பிரிவு கிடைக்காது. வேதியியல், தாவரவியல், விலங்கியல் பிரிவைத்தான் பார்க்க வேண்டும்.