எஃப்.சி. பெயிண்டுக்கு அடியில்

எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முந்தின நாள், கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்ப் பட்டறைகளில் தின்னர் வாசம் தூக்கலாக இருக்கும். விடிந்தால் சோதனைக்காக உத்தமபாளையத்துக்குக் கிளம்ப வேண்டிய பிக்கப் வண்டியை வாட்டர் சர்வீஸ் செய்து, ஒடுங்கிய இடங்களில் பட்டி பார்த்து, கேபினுக்கு ஒரு கோட் அடித்து, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். கடைசி வேலை அடிப்பக்கம். பையன் ஒருவன் கறுப்புப் பெயிண்ட் டப்பாவோடு வண்டிக்கு அடியில் நுழைகிறான். சேஸில் துரு செதில் செதிலாக எழும்பி நிற்கும் இடத்திலும், நல்ல இரும்பு இருக்கும் இடத்திலும், ஒரே பிரஷ் ஒரே வேகத்தில் போகிறது. "எஃப்.சி. முடியட்டும்ணே, அப்புறமா நிதானமாப் பாத்துக்கலாம்" என்கிறார் மெக்கானிக். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் அடுத்த எஃப்.சி.க்கு முந்தின நாள்தான் வரும்.

பிக்கப்புக்கும் ஜீப்புக்கும் சேஸ்தான் முதுகெலும்பு. ஏணியைப் படுக்க வைத்ததுபோல இரண்டு நீளச் சட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள். எஞ்சின், கேபின், ஸ்டீயரிங் பாக்ஸ், பின்னால் சரக்குப் பெட்டி, நான்கு சக்கரத்தையும் தாங்கும் பட்டைக் கட்டு என எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கின்றன. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். அதனால் காரில் துரு வந்தால் கதவோரத்திலோ தரையிலோ சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். பிக்கப்பில் அப்படியில்லை. கேபின் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்போதே சட்டத்துக்குள் துரு சத்தமில்லாமல் வேலை பார்க்கும்.

அது தங்குவதற்கென்று சில இடங்கள் உண்டு. பட்டைக் கட்டு மாட்டும் பிராக்கெட், ரிவெட் அடித்த மூலை, குறுக்குச் சட்டம் சேரும் முனை, பெட்டி வடிவச் சட்டத்தின் உட்புறம். சட்டத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால், ஈரம் உள்ளேயே கிடந்து ஊறும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால் ரிவெட்டையே தெறிக்க விடும். மூன்று மில்லிமீட்டர் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று என்பது எளிய கணக்கு. நடப்பதோ அதைவிட மோசம். துரு தின்ற குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும், ஒவ்வொரு லோடுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளரும். பின் பிராக்கெட் விட்டுக்கொடுத்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். டயர் ஒரு பக்கமாகத் தேய்வதைப் பார்த்து அலைன்மெண்ட் கோளாறு என்று காசைக் கொட்டுபவர்கள் உண்டு.

'நம்ம ஊர்ல பனியும் இல்லை, ரோட்டில் உப்பும் இல்லை, இங்கே ஏது சேஸ் துரு' என்பது வண்டிக்காரர்கள் பலரின் எண்ணம். இதில் பாதி உண்மை. சேஸ் துருவுக்கு உலகம் அறிந்த கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே குளிர் மாநிலங்களில் உறைபனியைக் கரைக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டொயோட்டாவின் டகோமா பிக்கப்பில் 1995 முதல் 2000 வரை வந்த வண்டிகளின் சேஸ்கள் அந்த உப்பில் அரித்து ஓட்டை விழுந்தன. துருவைத் தடுக்கும் பூச்சு போதுமானதாக இல்லாமல் போயிருக்கலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2008-இல் அந்த வண்டிகளின் சேஸுக்கு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. ரொம்பவும் மோசமானவற்றைச் சந்தை விலையில் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே டண்ட்ரா பிக்கப்பில் சுமார் 1,10,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பின் குறுக்குச் சட்டம் துருவேறி, அதில் தொங்கும் ஸ்டெப்னி நடுச்சாலையில் கழன்று விழும் அபாயம் இருந்தது. 2016-இல் பின்னால் வந்த மாடல்களுக்காக நீதிமன்றத்தில் சமரசம் ஆனபோது வண்டிகள் சுமார் 15 லட்சம், செலவு மதிப்பு 340 கோடி டாலர் வரை. ஒரு சேஸை மாற்ற 15,000 டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் காசுக்கு நம் ஊரில் புது பிக்கப்பே வாங்கிவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் உப்பு சாலையில் இல்லை. அது லோடாக வருகிறது.

ஒரு பிக்கப்பின் ஒரு வாரத்தை யோசித்துப் பார்க்கலாம். திங்கள்கிழமை ஏலத் தோட்டத்துக்குச் சாணி எரு. செவ்வாய் உர மூட்டை, அதில் பொட்டாஷ் என்பது சாட்சாத் பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு இனம். புதன்கிழமை மாடு. மாட்டு மூத்திரத்தில் உப்பும் உண்டு, அமோனியாவும் உண்டு, அத்தனையும் பலகை இடுக்கு வழியாக நேராகச் சேஸில்தான் சொட்டும். வாரக் கடைசியில் பன்னீர் திராட்சை. புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான், ஆனாலும் நசுங்கிய பழத்தின் சாறு புளிப்புதானே. மீன் லோடு ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் மதுரை ரோடு முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே வரும். இவற்றுக்கு மேல் மழை. ஆடியில் குமுளிப் பக்கம் தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. அடிப்பக்கம் காய நேரமே கிடைப்பதில்லை.

அதனால்தான் வண்டியின் வயதை மட்டும் வைத்து அதன் ஆயுளைத் தீர்மானிப்பது தவறாகப் போகிறது. 2021-இல் மத்திய அரசு அறிவித்த பழைய வாகனக் கழிவுக் கொள்கை வந்ததிலிருந்து 15 ஆண்டு என்ற எண் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் அதுதான் எல்லை. ஆனால் தக்காளியும் முட்டைக்கோசும் மட்டும் ஏற்றிய இருபது வயது ஜீப்பின் சேஸ் ணங்கென்று இருக்கும். ஆறு வயது மீன் வண்டியின் சேஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். 2015-இல் சென்னை வெள்ளத்திலும் 2018-இல் கேரள வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகளுக்கும் இதே கதி. சேறு சட்டத்துக்குள் புகுந்துவிட்டால் மேலே என்னதான் பாலிஷ் போட்டாலும் உள்ளே ஊறுவது ஊறிக்கொண்டேதான் இருக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் "எந்த வருஷ மாடல்" என்று கேட்பதோடு "என்ன லோடு அடிச்சது" என்றும் கேட்க வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் ஒரு விசித்திரம் செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தப்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு தயாரிப்பாளருக்கு அரசு உத்தரவிடலாம். நல்ல விஷயம். ஆனால் 2021-இல் வந்த விதி, தயாரித்து ஏழு ஆண்டு ஆகாத வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும் என்கிறது. சேஸ் துரு பெரும்பாலும் ஏழு ஆண்டுக்குப் பிறகுதான் முகம் காட்டும். டகோமா வண்டிகள் இந்தியாவில் ஓடியிருந்தால், 2008-இல் அவற்றில் ஒன்றுகூட இந்த விதிக்குள் வந்திருக்காது.

ஆக மிச்சம் இருப்பது எஃப்.சி. ஒன்றுதான். புது வணிக வாகனத்துக்கு முதல் எட்டு ஆண்டு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் பார்ப்பார், லைட் பார்ப்பார், புகைச் சான்று கேட்பார். வரிசையில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்வது அவருக்கும் அநியாயம்தான். இயந்திரச் சோதனை மையங்கள் நாடெங்கும் படிப்படியாக வருகின்றன. பிரேக்கின் பிடிமானத்தை உருளையில் ஏற்றி அளக்க இயந்திரம் இருக்கிறது. ஆனால் பெயிண்டுக்கு அடியில் இரும்பு எவ்வளவு மிச்சம் என்று அந்த உருளை சொல்லாது.

பிரிட்டனில் இதற்கு வைத்திருக்கும் வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. 1960 முதல் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இரும்பைப் பலமிழக்கச் செய்யும் துரு இருந்தால் வண்டி ஃபெயில். ஆய்வாளர் சிறிய சுத்தியல் போன்ற கருவியால் மெல்லத் தட்டிப் பார்க்கிறார். நல்ல தகடு மணிபோலச் சொல்லும், துரு தின்றது மொத்தையாக ஒலிக்கும். இது நம் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாத வித்தையா என்ன? தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர் இது.

வண்டி முறிந்தால் சரக்கோடு போகும் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இந்தப் பள்ளத்தாக்கில் விஷயம் அப்படியில்லை. கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று ஊர் ஊராக, இருட்டு விலகும் முன்பே தூக்குச் சட்டியோடு பெண்கள் ரோட்டோரம் வந்து நிற்கிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு அவர்களை ஏற்றிப் போவது பழைய ஜீப்புகள். ஏற்ற வேண்டிய ஆளைவிடக் கூடுதலாக ஏற்றுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது அத்தனை பாரமும் ஒரு பக்கச் சட்டத்தில், ஒரு பக்கப் பட்டைக் கட்டில் விழுகிறது. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்கள் எட்டுப் பேர் குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்தார்கள். அந்த விபத்தையும் துருவையும் இங்கே முடிச்சுப் போடவில்லை. அந்தப் பாதையில் சக்கரம் ஒரு முழம் விலகினாலும் என்ன ஆகும் என்பதற்காகத்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செலவு அதிகம் கேட்கும் காரியம் எதுவும் இல்லை. எரு, உரம், மாடு, மீன் ஏற்றிய அன்றைக்கே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்திவிட வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பக்கம் அடிக்கிற வழக்கம் இங்கே உண்டு. அது கொஞ்ச நாள் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், புழுதியையும் பிடித்து வைக்கும். ஓட்டை விழுந்த சட்டத்தின்மேல் தகட்டை வைத்து ஒரு ஓட்டு ஓட்டுவது அதைவிட ஆபத்து. துருவின் மேல் வைத்த வெல்டு நிற்காது. நின்றாலும் சூட்டில் பலம் குறைந்த பக்கத்து இரும்பு அடுத்ததாகக் கீறும். அரித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரும்பு வரை போய் முறையாகச் சேர்க்கத் தெரிந்தவரிடம்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். முடியாத நிலை என்றால் சேஸை மாற்ற வேண்டும், இல்லையேல் வண்டியைக் கழிக்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். எஃப்.சி. படிவத்தில் சேஸைத் தட்டிப் பார்த்த விவரத்துக்கு, எந்த இடம், என்ன நிலை என்று எழுத, ஒரு கட்டம் வேண்டும். அடிப்பக்கம் புதிதாகப் பெயிண்ட் அடித்து வரும் வண்டியைச் சுரண்டிப் பார்க்காமல் பாஸ் செய்யக் கூடாது. முதல் ஆறு மாதம் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றும் ஜீப்புகளில் மட்டும் இதை நடத்திப் பார்த்தாலும் போதும்.

அடுத்த வாரம் எஃப்.சி. காட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயிண்ட் டப்பாவை வாங்கும் முன் வண்டியைக் குழியில் ஏற்றி, பின் பிராக்கெட்டிலிருந்து தொடங்கி, சட்டம் முழுக்க ஒரு சுத்தியலால் தட்டிவிட்டு வாருங்கள்.