பறக்கும் நேரமும் போய்ச்சேரும் நேரமும்

சென்னையினின்று பெங்களூருக்கு ஆகாய விமானத்தில் ஒரு மணிப் பிரயாணம் என்பர். விமானக் கம்பெனிகளின் கால அட்டவணையும் ஏறத்தாழ அவ்வாறே கூறும். அக்கூற்றிற் பொய்யில்லை, ஆயினும் காலடிப்பேட்டை வாசிகளாகிய நமக்கு அது முழு மெய்யும் அன்று என்பதே நமது அபிப்பிராயம்.

மீனம்பாக்கத்திற்கும் பெங்களூர் விமான நிலையமுள்ள தேவனஹள்ளிக்கும் வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டரே. மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லவல்ல விமானத்திற்கு அஃது இருபது நிமிஷ வழியன்றோ, ஒரு மணி எற்றுக்கு எனக் கணக்கறிந்த மாணவர் வினவலாம். அட்டவணையிற் காணும் காலமாவது, விமானம் இவ்விடத்தினின்று அசைந்தது முதல் அவ்விடத்தில் நிலைசேரும் வரை உள்ளதாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதலும், முறைவரக் காத்திருத்தலும் அதனுள் அடங்கும். மேலும், இத்துணைக் குறுகிய வழியில், மேலேறி முடிதற்கும் கீழிறங்கத் தொடங்குதற்கும் இடையே முழு வேகத்திற் பறக்கும் நேரம் சொற்பமே.

இனி நம் வாயிற்படியினின்று கணக்கிடுவோம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் நம்மூருக்கு மெட்ரோ ரயில் வந்தது. அதற்கு முன்னர்க் கன்டெய்னர் லாரிகளின் நடுவே சாலையில் நகரைக் கடந்த துன்பத்தை ஈண்டு விரிக்க வேண்டா. மெட்ரோவில் விமான நிலையஞ் சேர ஏறக்குறைய ஒரு மணி. இரண்டு மணி முன்னதாக வருக என்பது கம்பெனிகளின் அறிவுரை. பறத்தல் ஒரு மணி. தேவனஹள்ளியினின்று பெங்களூர் நகர்நடுவுக்கு 35 கிலோமீட்டர் சாலை வழி. கூட்டினால் ஐந்து மணிக்குக் குறையாது. மெட்ரோவின் முதல் வண்டியோ காலை 5 மணிக்கே புறப்படுகின்றது. ஆறு மணி விமானத்திற் செல்வோர் நள்ளிரவிற்குப் பின் வாடகைக் காரைத் தேட வேண்டியதுதான்!

ரயிலின் சங்கதி வேறு. அதே மெட்ரோவில் அரை மணிக்குள் சென்ட்ரலை அடையலாம். 2022 நவம்பர் 11ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் ரயில் நாலரை மணிக்குள் பெங்களூரின் நடுவிலேயே கொண்டு சேர்க்கின்றது. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் நமக்கு அண்மையிலுள்ள இராயபுரத்தினின்றே வாலாஜா ரோட்டிற்குப் புறப்பட்டது. அந்நாளிற் பிரயாணத்தின் தலைவாயில் நம் பக்கம் இருந்தது.

விமானத்தை நாம் இகழ்கின்றோம் அல்லோம். தில்லி செல்வார்க்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல். விமானத்தில் மூன்று மணிக்குள். ஆண்டு அதுவே தகும். நம் வழக்கெல்லாம் அண்மை நகரங்களைப் பற்றியதே.

சென்னைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரந்தூர், 2022ஆம் ஆண்டு புதிய விமான நிலையத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வயலும் ஏரியும் போகுமென்று ஏகனாபுரத்து மக்கள் எதிர்த்து நின்றனர். அங்கிருந்து பெங்களூர் செல்லவேண்டின், அந்த ஒரு மணிப் பறத்தலால் வடசென்னையார்க்கு யாது லாபம்? அம்மக்கள் இழப்பனவற்றிற்கு எதிர்த்தட்டில் வைக்கப்படும் காலலாபத்தைச் சர்க்கார் ஓடுபாதையினின்று அளத்தல் போதாது. வீட்டு வாயிலினின்று அளந்து காட்டவேண்டும். அவ்வளவையை எண்ணூரினின்று தொடங்குவாராக. விம்கோ நகருக்கு வடக்கே மெட்ரோ இல்லை. எண்ணூரார் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ வந்து, பின்னரே அதனிடம் சேரல்வேண்டும்.