ஆறடி மண்ணும் அரையடி அறிவும்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்று திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியைச் சொல்வார்கள், தூண் பாறையைச் சொல்வார்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைச் சொல்வார்கள். மண்ணைச் சொல்பவர் ஒருவரும் இலர். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களை ஆசையோடு படம் பிடித்து வருபவர்கள்கூட, அந்தப் படிகள் எந்த மண்ணால் ஆனவை, அது எத்தனை அடி ஆழம், எவ்வளவு காலத்தில் உருவானது என்று கேட்பதில்லை. காலடியில் கிடப்பதாலேயே அது நம் கருத்தில் படாமல் போயிற்று போலும்!

மண்ணை வகைப்படுத்தத் தெரியாதவர்கள் அல்லர் நாம். கரிசல், செம்மண், வண்டல், களி, உவர், சரளை என்று நம் ஊர்களில் படிப்பறியாதவரும் பெயர் சொல்வர். சோழர் காலத்தில் நிலத்தை அளந்து தரம் பிரித்தனர். பின்வந்த ஆங்கிலேயர் ஆட்சியில் கரிசல், செவ்வல் என்றும், அவற்றுள் களி, பசலை, மணல் என்றும் பிரித்துத் தீர்வை விதித்தனர். இன்றும் கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டில் 'மண் வயனமும் இரகமும்' என ஒரு கலமும், 'மண் தரம்' என மற்றொரு கலமும் உள்ளன. ஆனால் இவையெல்லாம் எதற்காக? எவ்வளவு வரி வாங்கலாம் என்று அறிவதற்காக. வரிக்காக மண்ணைத் தரம் பிரித்த நாம், அதைக் காப்பதற்காக இன்னும் தரம் பிரிக்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் குறை, இதுவே கோரிக்கையும்.

பழனி மலையின் மேல்தட்டு கடல் மட்டத்திற்கு மேல் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் உள்ளது. அடியில் கிடப்பது சார்னோகைட் எனும் பழம்பாறை. சென்னையை அடுத்த பல்லாவரம் குன்றுகளில் காணும் அதே இனம். கொடைக்கானலில் ஆண்டுக்கு 1,600 மி.மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. குளிரும் ஈரமும் மண்ணை விட்டு நீங்குவதில்லை. நெடுங்காலமாக இம்மழைநீர் பாறையினுள் புகுந்து, கரையக் கூடியவற்றையெல்லாம் கரைத்துச் சென்றுவிட்டது. எஞ்சி நின்றதே களி.

சாலைக்காக வெட்டிய கரையை ஓரிடத்தில் நின்று பார்த்தால் இந்த மண்ணின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். மேலே மக்கு நிறைந்த கரும்பழுப்பு மண். அதன்கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த கனத்த களி. அதற்கும் கீழே, பார்ப்பதற்குப் பாறை போலிருந்து விரலால் அழுத்தினால் நொறுங்கும் மக்கிய பாறை. மேலடுக்கின் நுண்ணிய களித்துகளை மழைநீர் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி, அடிமண் கட்டிகளின் முகத்தில் மெழுகு பூசினாற்போல் படியச் செய்கிறது. அந்த மினுமினுப்பே, 'இம்மண் முதிர்ந்த மண்' என்பதற்கு மண்ணியலார் தேடும் சான்றாகும்.

களி என்றவுடன் கோவில்பட்டிக் கரிசலை எண்ணிவிடக் கூடாது. கரிசல் மழையில் உப்பும். கோடையில் கைவிரல் நுழையுமளவு வெடிக்கும். மலைக்களியோ பெரும்பாலும் கயோலினைட் வகையைச் சேர்ந்தது, அவ்வாறு உப்புவதில்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதன் துகள்களைக் குருணைகளாகப் பிணைத்து வைத்திருக்கின்றன. ஆகவே களியாக இருந்தும் நீரை உள்ளே விடுகிறது. உள்ளே சென்ற நீரைப் பிடித்தும் வைக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, குணம் வேறு. பெயரை மட்டும் நம்பி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

இம்மண்ணுக்குக் குறைகளும் உண்டு. சுண்ணாம்பும் மெக்னீசியமும் மழையில் கரைந்து போய்விட்டமையால் புளிப்புத் தன்மை மிகுந்திருக்கும். உழவர் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொள்ளும். பயிருக்குக் கிட்டுவது சிறு பங்கே. அதனால்தான் மலைத் தோட்டங்களுக்குச் சுண்ணாம்பு இடுமாறு வேளாண் அறிஞர் கூறுகின்றனர். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்சும் இத்தகைய மண்ணில்தான் விளைகின்றன.

இனிப் படிக்கட்டுக்கு வருவோம். சரிவை வெட்டிப் படியாக்கும்போது உட்பக்கத்து மண்ணை எடுத்து வெளிப்பக்கத்தில் நிரப்புகிறோம். எனவே ஒரே படியில், மலையை ஒட்டிய ஓரத்தில் வளமற்ற அடிக்களி வெளியே தெரியும். பள்ளத்தை ஒட்டிய ஓரத்தில் மேல்மண் இரட்டிப்பாகக் குவிந்திருக்கும். பயிரின் உயரமே இதைக் காட்டிக் கொடுத்துவிடும். பன்னாட்டு மண் வகைப்பாட்டில் மனிதன் வெட்டிய படிமண்ணைக் குறிக்க 'எஸ்கேலிக்' என்றொரு தனி அடைமொழியே உண்டு. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்காலிலும் நம் முன்னோர் செய்து வைத்த வேலைக்கு உலக நூலில் பெயர் இருக்கிறது. நம் நிலப் பதிவேட்டில் அது புஞ்சைதான்.

அறிவியல் மண்ணை எப்படி வகைப்படுத்துகிறது? 1883-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டின் கரிசலைப் பற்றி நூல் எழுதிய தொக்குச்சாயெவ், மண் என்பது வெறும் பாறைத்தூள் அன்று. பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலச்சரிவமைப்பு, காலம் ஆகியவை கூடிப் பெற்ற பிள்ளை என்று காட்டினார். 1975-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட வகைப்பாட்டு நூல் இன்று நம் நாட்டிலும் பின்பற்றப்படுகிறது. அதன்படி, களி கீழிறங்கிப் படிந்த முதிர்ந்த மண், 'ஆல்ஃபிசால்' ஆகலாம். அல்லது 'அல்டிசால்' ஆகலாம். ஆழத்தில் சுண்ணாம்பு முதலிய காரச்சத்துகளின் நிறைவு 35 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது அல்டிசால். இதை முடிவு செய்யச் சில மண்களில் தரையிலிருந்து 1.8 மீட்டர் ஆழம்வரை, அதாவது ஏறத்தாழ ஆறடி, இறங்கிப் பார்க்க வேண்டும்.

நாமோ எவ்வளவு இறங்குகிறோம்? 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மண் வள அட்டைத் திட்டம் பயனுள்ள திட்டமே. பன்னிரண்டு குணங்களை அது அளந்து சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பயிர்களுக்கு அதற்கென எடுக்கும் மண் மேலிருந்து சுமார் 15 செ.மீ., அரையடிதான். அரையடி மண் இந்தப் பருவத்து உரத்தைச் சொல்லும். சரிவு நிற்குமா, நீர் தங்குமா, வெட்டினால் என்ன வெளிப்படும் என்பவற்றை ஆறடி மண்ணே சொல்லும்.

"வாயில் நுழையாத இந்தப் பெயர்களால் பூண்டு பயிரிடும் உழவருக்கு என்ன பயன்? மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்தே அவர் சொல்லிவிடுவாரே" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உழவரின் கையறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வறிவு அவர் தோட்டத்து வேலியோடு நின்றுவிடுகிறது. கட்டட அனுமதி வழங்கும் மேசைக்கும், திட்டம் தீட்டும் மேசைக்கும் அது போய்ச் சேர்வதில்லை. ஒரு பெயரும் ஓர் எண்ணும் பெற்றால்தான் அறிவு அலுவலகத்தில் செல்லுபடியாகும்!

தோண்டிப் பார்த்தால் எதிர்பாராத செல்வமும் வெளிப்படும். அண்டை மலையாகிய நீலகிரியின் உயர்தட்டில் உள்ள கருமண்ணில், எரிமலைச் சாம்பலில் உருவாகும் 'ஆண்டிசால்' மண்ணின் குணங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அங்கே எரிமலை ஏது? பழங்களியில் இருந்த அலுமினியமும் இரும்பும் மக்குப் பொருளோடு இறுகப் பிணைந்ததே காரணம் என்று அவர்கள் விளக்கினர். புல்வெளிக்கு அடியில் அப்படியொரு மண் இருப்பது குழி தோண்டிய பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

அறியாமையின் விலை என்ன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழனி மலையின் உயர்புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 1973-க்கும் 2014-க்கும் இடையில், மரத்தோப்புகளாகவும் விளைநிலங்களாகவும் மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் காட்டியது. வாட்டிலும் தைலமரமும் பைனும் நட்டபோது, அந்தப் புல்லுக்கு அடியில் இருந்த மண் எத்தகைய நீர்த்தொட்டி என்று கேட்டவர் எத்தனை பேர்?

விடுதிகளுக்காகச் சரிவுகளை இயந்திரத்தால் செங்குத்தாக வெட்டுகிறோம். சரிவாகக் கிடக்கும்வரை நிலைத்திருந்த களி, தாங்கல் இழந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து கனத்தால் சரியத்தானே செய்யும்? 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் மாண்டனர். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் உலுக்கியது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மண் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெருமழையும் சரிவும் பாறையும் சேர்ந்தே செய்கின்றன. ஆனால் அவற்றுள் மண்ணின் ஆழத்தையும் தன்மையையும் முன்கூட்டியே அறிந்து வைப்பது நம் கையில் உள்ள செயல்.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மலையிலுள்ள ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் குறிப்பிட்ட இடங்களில் ஆறடிக் குழி தோண்டி, அடுக்கு அடுக்காக நிறம், களியளவு, புளிப்பு ஆகியவற்றைக் குறித்து, மண் வகையை ஊராருக்குப் புரியும் தமிழில் எழுதி வைத்தல். இரண்டாவது, 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்ட பின் பல துறைகளின் கருத்தைக் கேட்டே அனுமதி தரும் முறை மலையூர்களில் வந்துள்ளது. அந்தக் கருத்துகளோடு அந்த மனையின் ஆறடி மண்குறிப்பும் இணைக்கப்படுதல். மூன்றாவது நம்மைச் சார்ந்தது. நிலவியல் மாணவர் சரிவை அளக்கலாம். வேதியியல் மாணவர் புளிப்பைச் சோதிக்கலாம். தாவரவியல் மாணவர் வேரின் ஆழம் காணலாம். தமிழ் மாணவர் மலையூர்களில் மண்ணுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதனை ஒரு களப்பணியாக ஏற்பாடு செய்வார்களாயின், ஒரு மண்வெட்டியும் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும்.

ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்பர்; ஆறடி மண்ணை ஓர் இயந்திரம் அரை நாளில் அள்ளிவிடும். அள்ளுவதற்கு முன் அதன் பெயரையேனும் கேட்போம்.