பாடாத கம்ப்யூட்டர்! குற்றம் யாருடையது?

தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை. பாட்டிக்குப் பழைய சினிமா பார்க்க ஆசை. பேரன் கடையில் காசு கொடுத்து டி.வி.டி. வாங்கி வந்தான். வீட்டில் இருப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர். தட்டை உள்ளே தள்ளினான். தட்டு சுற்றியது. படம் வரவில்லை. பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். சத்தமும் வரவில்லை!

"என்னடா, ஊமைப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறாய்?" என்றார் பாட்டி.

"லினக்ஸ் என்றாலே இப்படித்தான் பாட்டி. கடையில் கொடுத்து வேறே போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்றான் பேரன்.

இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. கடைக்குப் போனால் என்ன ஆகும்? பல இடங்களில் லினக்ஸை அழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்க வேண்டிய விண்டோஸை, உரிமம் இல்லாமல் ஏற்றித் தருகிறார்கள். நல்ல பொருள் போய், திருட்டுப் பொருள் வருகிறது. அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்!

நம் ஊர்ப் பிள்ளை

லினக்ஸ் எங்கிருந்து வந்தது? பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் அதைத் தொடங்கினார். யாரும் இனாமாக எடுத்துக் கொள்ளலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம்.

தென் சென்னைப் புறநகருக்கும் இதில் பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி நிலையமும், சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளையும் சேர்ந்து, இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருளுக்காக ஒரு தேசிய மையம் நடத்தின. 2007-ல் "பாஸ்" என்ற இந்திய லினக்ஸ் வந்தது. அதில் தமிழும் உண்டு. தமிழக அரசு 2011-ல் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் இந்த பாஸும் சேர்ந்து வந்தது.

ஆகவே, இது அயலார் வீட்டுப் பிள்ளை அல்ல.

சத்தம் ஏன் வரவில்லை?

பெரும்பாலும் கம்ப்யூட்டர் கெட்டிருக்காது. வாய் அடைபட்டிருக்கும். அவ்வளவுதான்.

முதலில் ஒயரைப் பாருங்கள். ஹெட்போன் செருகியிருந்தால் ஸ்பீக்கர் பேசாது. அடுத்தது, திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படம். அதில் குறுக்குக்கோடு இருந்தால் சத்தம் அடைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்துவிடுங்கள்.

மூன்றாவது, சத்தம் வேறு வழியில் போகிறதா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. ஒயரில் டி.வி.யை இணைத்திருந்தால், சத்தம் டி.வி.க்குப் போய்விடும். செட்டிங்ஸில் "சவுண்ட்" என்ற பகுதிக்குப் போய், எந்த ஸ்பீக்கர் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னும் வரவில்லையா? "டெர்மினல்" என்ற கறுப்புத் திரையைத் திறந்து, "ஆல்சாமிக்சர்" என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். கம்பம் கம்பமாகத் தெரியும். கம்பத்தின் அடியில் இரண்டு "எம்" எழுத்துகள் இருந்தால், அந்த வழி மூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கம்பத்துக்குப் போய் "எம்" விசையைத் தட்டினால் திறந்துவிடும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் சத்தம் கூடும்.

இதற்கு ஒரு பைசா செலவில்லை!

படத்துக்குப் பூட்டு!

டி.வி.டி. கதை வேறு. சினிமா கம்பெனிகள் விற்கும் பல டி.வி.டி.களில் ஒரு பூட்டு உண்டு. அதன் பெயர் சி.எஸ்.எஸ். கண்ணுக்குத் தெரியாத பூட்டு. பணம் கட்டி அனுமதி பெற்ற டி.வி.டி. பிளேயர்களுக்குச் சாவி கொடுத்திருக்கிறார்கள். இனாமாக வரும் லினக்ஸுக்குச் சாவி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வீட்டுக் கல்யாண டி.வி.டி.யைப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக அதற்குப் பூட்டு இருக்காது. கல்யாணம் ஓடி, சினிமா ஓடவில்லை என்றால், பெட்டியில் கோளாறு இல்லை. பூட்டுத்தான் காரணம். இரண்டுமே ஓடவில்லையா? தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். பிறகும் ஓடாவிட்டால் டிரைவைச் சந்தேகிக்கலாம்.

பூட்டைத் திறக்க வழி உண்டா? உண்டு. "வி.எல்.சி." என்ற இலவச பிளேயரை ஏற்றுங்கள். அதைச் செய்தவர்கள் பூட்டைத் திறக்கும் சிறு மென்பொருள் ஒன்றையும் தருகிறார்கள். பல லினக்ஸ்களில் அதைத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் படம் ஓடும்.

15 வயதுப் பையன்

"பூட்டைத் திறப்பது திருட்டு இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நார்வே நாட்டில் ஜான் ஜோஹான்சன் என்ற பையன் இருந்தான். வயது 15. வேறு இருவரோடு சேர்ந்து, 1999-ல் இந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருளை வெளியிட்டான். லினக்ஸில் டி.வி.டி. பார்க்கவே இது என்றான். அவன் மேல் வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் கோர்ட்டு அவனை விடுதலை செய்தது. அப்பீல் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் விடுதலை! காசு கொடுத்து வாங்கிய தட்டைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று.

இந்தியாவில் 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பிறர் உரிமையைப் பறிக்கும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. அந்த "எண்ணம்" என்ற சொல் முக்கியம். படத்தை நகல் எடுத்து விற்பவன் குற்றவாளி. வாங்கிய படத்தை வீட்டில் பார்க்க நினைப்பவர் திருடர் அல்ல.

வேடிக்கையைப் பாருங்கள். தெருவோரத்தில் விற்கும் திருட்டு டி.வி.டி.க்குப் பெரும்பாலும் பூட்டே கிடையாது. அது ஓடுகிறது. நேர்மையாக வாங்கிய டி.வி.டி. ஓடவில்லை! யாரைத் தடுக்கப் போட்ட பூட்டு, யாரைத் தடுக்கிறது?

என்ன செய்ய வேண்டும்?

படம் எடுப்பவர்களுக்குப் பணம் சேர வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் கொடுத்தவரைப் பார்க்க விடாத பூட்டால் யாருக்கு லாபம்?

கம்ப்யூட்டர் கொடுப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அரசு கொடுத்தாலும் சரி, கடை விற்றாலும் சரி, தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கூடவே தர வேண்டும். சத்தம் வராவிட்டால் இதைப் பார், படம் வராவிட்டால் அதைச் செய் என்று எழுதியிருந்தால் போதும். மிக்சி வாங்கினால் புத்தகம் தருகிறார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு தாள் கூடவா கிடையாது?

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஊமையான பெட்டியைப் பேச வைத்த பிள்ளை, அப்புறம் கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படமாட்டான். அந்தத் துணிவுதான் படிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு ஓடும் முன்பு, பேரன் அந்த "எம்" விசையைத் தட்டிப் பார்க்கட்டும். பாட்டி படம் பார்க்கட்டும்!