நாலாம் கட்டை வரை

போர்ட்டிக்சனுக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? நானும் கணக்கு வைத்ததில்லை. எல்லாம் காடியில்தான். நேரே ஏழாம் கட்டை, தெலுக் கெமாங் கடற்கரை, ஒரு குளியல், கட்டிக்கொண்டு போன சோறு, மறுபடி சிரம்பான். ஊரைப் பார்த்ததே இல்லை என்பது போன மாதம் அப்பாவால்தான் உறைத்தது.

அப்பாவுக்கு 71 வயது. சிலியாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து அங்கேயே பால்மரம் வெட்டியவர். "டவுன்லயே காடிய நிறுத்து, நடந்து போவோம்" என்றார். முட்டி வலி இருக்கிறதே என்றேன்.

"தெனம் நானூறு மரம் சுத்தி வந்தவன்டா. எனக்கு நடக்கச் சொல்லித் தர்றியா?"

பழைய ரயில் நிலையத்தருகே தொடங்கினோம். சிரம்பானிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு 1891-இல் திறந்த பாதை அது. சிலியாவிலும் நின்று வந்தது. இப்போது பயணிகள் ரயில் இல்லை.

"ரயில்ல வந்திருக்கீங்களாப்பா?"

"ஷீட்டு வந்துச்சு. நாங்க தீபாவளி முடிஞ்சு தோட்டத்து லாரியில வருவோம், வருசத்துக்கு ஒருக்கா. லாரி டவுன்ல நிக்காது."

அதனால்தானோ என்னவோ, கடை வரிசையில் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் நின்று படித்தார். இரும்புக் கடையொன்றில் "பீசாவ் கெத்தா" இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரப் பையன் பூச்செடி வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினான். அப்பா அதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். எங்கள் தோட்டம் செம்பனையாகிப் பல வருடங்களாகின்றன. பால்வெட்டும் கத்தி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒண்ணாம் கட்டையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நடைபாதை சரியில்லை, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. காடிக்காரர்களுக்கென்றே போட்ட சாலை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்காக என்று தெரியவில்லை.

நிழலில் தண்ணீர் குடிக்கும்போது, ரப்பர் பிரேசில் நாட்டு மரம் என்று சொன்னேன். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனதையும், அந்த வழியில் மலாயாவுக்குக் கன்றுகள் வந்ததையும் சொன்னேன். அவ்வளவு தூரத்து மரத்தை வெட்டியே எங்களை வளர்த்தவர், பக்கத்து ஊரை இன்றுதான் பார்க்கிறார். அதை மட்டும் சொல்லவில்லை.

நாலாம் கட்டையில் கடலோரம் உட்கார்ந்தோம். "நம்ம தோட்டத்துலேருந்து இது எவ்ளோ நேரம்?" என்றார்.

"காடியில அரைமணி நேரம்பா."

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். வெகுநேரம் நின்றார்.

திரும்புவதற்கு கிராப் அழைத்தேன். ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டார்: "அஞ்சாம் கட்டையில என்ன இருக்கு?"